வேட்டையும் வீரமும்

அஞ்சத்தக்க ஒன்றின் முன்னே அஞ்சாமல் நிற்பவனை உலகம் வீரன் என்று போற்றுகிறது. அவ்வாறு போற்றுவது இயல்பே. ஆயினும், ஒருவன் அஞ்சாமல் நின்றான் என்று கேட்ட அளவில் நாம் மனநிறைவு அடைந்துவிடலாமா? அவன் யாருக்காக நின்றான், எதன்பொருட்டு நின்றான் என்றும் கேட்க வேண்டாவா? இக்கேள்வியை மனத்திற் கொண்டு, ஆப்பிரிக்கக் கண்டத்தில் நெடுங்காலம் புகழ்பெற்று விளங்கியதும், இன்றும் சில நாடுகளில் நடைபெறுவதுமாகிய கொடுவிலங்கு வேட்டையைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் வழங்கும் சுவாஹிலி மொழியில் ‘சஃபாரி’ என்னும் சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். அரபு மொழியிலிருந்து வந்த அச்சொல், ஐரோப்பியர் அங்கே குடியேறிய பின்னர் வேட்டைப் பயணத்தைக் குறிப்பதாயிற்று. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஆகிய ஐந்தையும் ஒரு தொகுதியாகச் சேர்த்து வேட்டைக்காரர் ‘பேரைந்து’ என்று பெயரிட்டனர். உடலின் பருமையை நோக்கி இட்ட பெயரன்று அது. சிறுத்தையினும் பெரிய விலங்குகள் அங்கே பல உண்டு. கால்நடையாகச் சென்று வேட்டையாடுவோர்க்கு மிகுந்த இடர் விளைப்பவை இவ்வைந்தும் என்பதே அப்பெயரின் காரணம்.

எருமை என்றவுடன், நம் ஊர்க் குளத்தில் மூழ்கிக் கிடந்து மெல்ல அசைபோடும் எருமையை நினைத்தல் கூடாது. ஆப்பிரிக்க எருமையின் முதிர்ந்த கிடா 800 கிலோகிராம் எடையும் இருக்கும். அதன் கொம்புகள் இரண்டும் நெற்றியின்மேல் அடி பருத்து ஒன்றுகூடி இரும்புக் கேடயம் போல் விளங்கும். குண்டு பட்ட எருமை புதருக்குள் மறைந்து, தான் வந்த வழியை நோக்கித் திரும்பி நின்று, தொடர்ந்து வருபவனைத் தாக்கக் காத்திருப்பதும் உண்டு. சிங்கம் சீறிப் பாய்ந்து வருங்கால் 50 மீட்டர் தொலைவைக் கடக்க அதற்கு மூன்று நான்கு வினாடிகள் போதும். யானையின் மூளையோ, தேனடை போன்ற எலும்பு அறைகளுக்குப் பின்னால், மண்டையின் ஆழத்தில் அமைந்திருக்கிறது. குறி ஒரு சாண் தவறினால் யானை வீழாது. சினம் கொண்டு திரும்பும். இவ்வாறு உயிரிழந்த வேட்டைக்காரர் பலர். ஆகவே, இவ்வேட்டையில் இடர் இல்லை என்று கூறுதல் பொருந்தாது. இடர் உண்டு; அதனை எதிர்நோக்க நெஞ்சுறுதி வேண்டும் என்பதும் உண்மை. ஆனால், நெஞ்சுறுதி இருக்குமிடமெல்லாம் வீரம் இருக்கிறதா என்பதே நம் கேள்வி.

இதற்கு விடை காண, முதலில் 1898ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றைப் பார்ப்போம். அக்காலத்தில் ஆங்கில அரசினர், இன்றைய கென்யாவின் துறைமுகமாகிய மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை இருப்புப்பாதை அமைத்துக்கொண்டிருந்தனர். அவ்வேலைக்காகப் பல்லாயிரம் தொழிலாளர் இந்தியாவிலிருந்து கப்பலேறிச் சென்றிருந்தனர். சாவோ என்னும் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டிய இடத்தில், பிடரிமயிர் இல்லாத இரண்டு ஆண் சிங்கங்கள் இரவு நேரத்தில் கூடாரங்களுக்குள் புகுந்து, உறங்கும் தொழிலாளரை இழுத்துச் செல்லத் தொடங்கின. முள்வேலி இட்டனர், தீ மூட்டினர், பயனில்லை. தொழிலாளர் பலர் வேலையை விட்டு ஓடினர். பாலவேலை சில வாரங்கள் நின்றுபோயிற்று. அவ்வேலைக்குப் பொறுப்பாக இருந்த பொறியாளர் பாட்டர்சன் என்பவர், இரவு பல விழித்திருந்து, டிசம்பர் 9ஆம் நாள் ஒரு சிங்கத்தையும் 29ஆம் நாள் மற்றொன்றையும் சுட்டு வீழ்த்தினார். இறந்தவர் தொகையைப் பலரும் பலவாறு கூறுவர். பாட்டர்சன் பிற்காலத்தில் 135 பேர் என்றார். அச்சிங்கங்களின் எலும்பையும் மயிரையும் ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்ட அறிஞர்கள், ஏறத்தாழ 35 பேர் என்று மதிப்பிட்டனர். தொகை எதுவாயினும், அந்தத் தொழிலாளர் பட்ட துயரம் பெரிது. அவர்களைக் காக்க வேறு வழி இல்லாதபொழுது, பாட்டர்சன் துப்பாக்கி ஏந்தி இருளில் காத்திருந்தார். இதனை வீரம் என்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை. அவர் ஏற்ற இடர் பிறர் உயிரைக் காக்க ஏற்ற இடர்.

இனி மற்றொரு வேட்டையைப் பார்ப்போம். 1909ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்க நாட்டுத் தலைவர் பதவியிலிருந்து நீங்கிய தியோடர் ரூஸ்வெல்ட், அடுத்த திங்களிலேயே தம் மகன் கெர்மிட்டுடன் மொம்பாசாவில் வந்து இறங்கினார். இருநூற்றுக்கு மேற்பட்ட சுமையாட்களும் வழிகாட்டிகளும் அவருடன் சென்றனர். தந்தையும் மகனுமாக 512 விலங்குகளைச் சுட்டனர். அவற்றுள் சிங்கங்கள் 17, யானைகள் 11, காண்டாமிருகங்கள் 20. அவர்கள் திரட்டியவற்றுள் பெரும்பகுதி வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திற்குச் சென்றது. அறிவியலுக்கு அதனால் நன்மை விளைந்தது என்பதை மறுத்தல் நேர்மையன்று. தம் நாட்டில் காடுகளைக் காக்கச் சட்டங்கள் செய்தவரும் அந்த ரூஸ்வெல்ட்டே. ஆயினும், இங்கே எந்தச் சிங்கமும் எந்தக் கூடாரத்திலும் புகுந்து அவரை அழைக்கவில்லை. அவரே கடல் கடந்து வந்து இடரைத் தேடினார். அவர் பெற்ற புகழ், தேடிச்சென்று கொன்ற புகழே ஆகும்.

அவர் சுட்டவற்றுள் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்களும் இருந்தன. அவ்வினத்தின் கடைசி ஆண் விலங்கு 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கென்யாவில் உயிர்நீத்தது. அந்நாளில் எஞ்சி நின்றவை இரண்டு பெண் விலங்குகள் மட்டுமே. துப்பாக்கி ஏந்திய காவலர் இரவும் பகலும் அவற்றைச் சூழ்ந்து நின்று காத்தனர். இவ்வினம் அழிந்தமைக்கு ரூஸ்வெல்ட்டைக் குற்றவாளி ஆக்குதல் முறையன்று. கொம்புக்காகக் கொன்ற கள்ளவேட்டைக்காரரும், அந்நிலங்களில் மூண்ட போர்களுமே பெருங்காரணம். ஆனால் ஒன்றை நாம் உணரலாம். ஒரு நூற்றாண்டுக்கு முன்பு, காண்டாமிருகத்தின் முன்னே துப்பாக்கி ஏந்தி நின்றவர் அதனைக் கொல்ல நின்றார். இன்று அதன் பக்கத்தில் துப்பாக்கி ஏந்தி நிற்பவர் அதனைக் காக்க நிற்கின்றார். வீரத்தின் பொருள் மாறிவிட்டதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

வேட்டைக்கு வரும் செல்வர் தனியே காட்டினுள் செல்வதில்லை. தொழிலாக வேட்டையாடும் ஒருவர், குண்டு நிரப்பிய துப்பாக்கியுடன் அவர் அருகில் நிற்பார். செல்வரின் குறி தவறினால் விலங்கை வீழ்த்துவது அவர் கடமை. இருவர்க்கும் முன்னால், நிலத்தை நோக்கிய கண்களுடன் மூன்றாவது ஒருவர் நடந்து செல்வார். அவரே தடம் பார்ப்பவர். மிதிபட்ட புல், புரண்டு கிடக்கும் கல், இலையின்மேல் உலர்ந்த ஒரு துளிக் குருதி ஆகியவற்றைக் கொண்டு, விலங்கு எப்பொழுது சென்றது, எத்திசையில் சென்றது, அதன் உடலில் எங்கே குண்டு பட்டது என்று கூற வல்லவர் அவர். காயமுற்ற விலங்கைத் தேடாமல் விட்டுச் செல்லுதல் கூடாது என்பது வேட்டைக்காரர் ஒப்புக்கொண்ட நெறி. ஆகவே, அடிபட்ட எருமை பதுங்கியிருக்கும் புதரை நோக்கி முதலடி எடுத்து வைப்பவர் தடம் பார்ப்பவரே. அவர் கையில் பெரும்பாலும் துப்பாக்கி இருப்பதில்லை. வேட்டை முடிந்த பின்னர் எடுக்கும் நிழற்படத்தில், இறந்த விலங்கின் கொம்பைப் பற்றிக்கொண்டு நடுவில் அமர்ந்திருப்பவர் செல்வர். தடம் பார்த்தவர் ஓர் ஓரத்தில் நிற்பார்; அல்லது படத்தில் இல்லாமலே போவார். பாடம் செய்த தலை எந்த நாட்டுச் சுவரில் தொங்குமோ, அந்த நாட்டிற்கு அவருடைய பெயர் சென்று சேர்வதில்லை.

இன்னும் ஒரு கூட்டத்தாரையும் நாம் மறந்துவிடுகிறோம். அவர்கள் அக்காட்டை ஒட்டிய சிற்றூர்களில் வாழும் மக்கள். ஓராண்டு உணவாகிய சோளப்பயிரை யானைக்கூட்டம் ஓர் இரவில் தின்றும் மிதித்தும் அழித்துவிடுகிறது. மாட்டுப்பட்டியில் சிங்கம் புகுகிறது. ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கச் செல்லும் பெண்ணும், பள்ளிக்கு நடந்து செல்லும் சிறுவனும் எருமை நிற்கும் வழியைக் கடந்தே செல்ல வேண்டும். அவர்களைக் காக்கப் பின்னால் எவரும் துப்பாக்கியுடன் வருவதில்லை. செல்வர் இடரை விலை கொடுத்து வாங்கிச் சில வாரங்கள் துய்த்து, விமானம் ஏறிச் சென்றுவிடுகிறார். சிற்றூரார் அதே இடரோடு பிறந்து, அதே இடரோடு வாழ்கின்றனர். இவர்களுள் நெஞ்சுறுதி மிக்கவர் யார் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

வேட்டையை ஆதரிப்போர் இக்காலத்தில் வீரத்தை விடப் பொருளையே பெரிதும் எடுத்துக்காட்டுகின்றனர். அவர்களுடைய வாதத்தையும் நாம் பொறுமையுடன் கேட்டல் வேண்டும். ஒரு முதிய விலங்கைச் சுடுவதற்குச் செல்வர் பல்லாயிரம் டாலர் செலுத்துகின்றனர். அப்பணம் சிற்றூரார்க்குச் சென்றால், அவர்கள் விலங்குகளைப் பகை என்று எண்ணாமல் செல்வம் என்று எண்ணுவார்கள். காடும் வயலாக மாறாமல் நிற்கும் என்பது அவர்கள் கூற்று. இதில் உண்மை உண்டு. நமீபியா நாட்டில் 1996ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்படி, சிற்றூரார் தாமே கழகங்கள் அமைத்துத் தம் நிலத்து விலங்குகளைப் பேணி, அவற்றால் வரும் வருவாயைப் பெறுகின்றனர். வேட்டையால் வரும் பணமும் இறைச்சியும் அவ்வருவாயில் ஒரு பகுதி. ஏறக்குறைய 1,30,000 யானைகள் வாழும் போட்ஸ்வானா நாடு 2014ஆம் ஆண்டில் வேட்டையைத் தடுத்தது. பயிரிழந்த மக்களின் முறையீட்டைக் கேட்டு 2019ஆம் ஆண்டில் அத்தடையை நீக்கியது. 2024ஆம் ஆண்டில், வேட்டைச் சின்னங்கள் தன் நாட்டிற்குள் வருவதைக் கட்டுப்படுத்த ஜெர்மனி எண்ணியபோது, அந்நாளில் போட்ஸ்வானாவின் தலைவராக இருந்தவர், ‘இருபதாயிரம் யானைகளை உங்களுக்கே அனுப்புகிறோம், எங்களை வாழச் சொல்வது போல் நீங்களும் அவற்றோடு வாழ்ந்து பாருங்கள்’ என்னும் கருத்துப்படப் பேசினார். நகைப்புப் போல் தோன்றும் அப்பேச்சில் ஒரு நாட்டின் நெடுநாள் மனக்குறை அடங்கியிருக்கிறது.

வேட்டையைத் தடுத்துவிட்டால் மட்டும் விலங்குகள் பெருகிவிடும் என்று எண்ணுவதும் பிழை. கென்யா 1977ஆம் ஆண்டில் வேட்டையை அறவே தடுத்தது. அதன் பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில், அந்நாட்டுப் புல்வெளிகளில் வாழ்ந்த பெருவிலங்குகளின் தொகை மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைந்தது என்று ஆராய்ந்தோர் கூறியுள்ளனர். மக்கள் பெருகினர், வேலிகள் எழுந்தன, மேய்ச்சல் நிலம் சுருங்கியது, கள்ளவேட்டையும் ஓயவில்லை. விலங்கோடு வாழ்வோர்க்குப் பயனும் பெருமையும் இல்லையாயின், எந்தச் சட்டமும் விலங்கைக் காவாது என்பதே இதனால் பெறும் பாடம்.

அவ்வாறாயின், வேட்டையைப் பற்றி நாம் கொள்ளத்தக்க கருத்து யாது? வறிய மக்களின் வாழ்வுக்கும் காட்டின் காப்புக்கும் அதனால் வரும் பொருள் இன்றியமையாததா என்பதை அந்நாட்டு மக்களே கணக்கிட்டுத் தீர்மானிக்கட்டும். அது வரவுசெலவுக் கணக்கு. வேறொரு வழியில் அவ்வருவாய் வருமாயின், அக்கணக்கு அன்றே மாறிவிடும். ஆனால், அக்கணக்கைக் காட்டி, சுட்டவரை வீரர் என்று புகழுதல் தகாது. பணம் கொடுத்தவர் பணம் கொடுத்தவரே. அவர் வீரர் ஆகிவிடமாட்டார்.

இதற்குச் சான்று வேண்டுமாயின், தென்னாப்பிரிக்காவில் தோன்றிய ஒரு வழக்கத்தைப் பாருங்கள். அங்கே ஆயிரக்கணக்கான சிங்கங்களைப் பண்ணைகளில் வளர்த்து, அவற்றுள் பலவற்றை வேலியடைத்த நிலத்தில் விட்டு, விலை கொடுப்போர் சுடுமாறு செய்தனர். மனிதர் கையால் உணவு உண்டு வளர்ந்த சிங்கத்திற்கு ஓடவும் வழியில்லை; ஒளியவும் இடமில்லை. சிங்கப் பண்ணைகளுக்கு முடிவு கட்டப்போவதாக அந்நாட்டு அரசு 2021ஆம் ஆண்டில் அறிவித்தது. வேட்டைக்காரர் விரும்புவது இடரோடு பொருதலையே என்றால், இடரே இல்லாத இவ்வேட்டைக்கு ஆள் வந்தது எவ்வாறு? அவர்களுள் பலர் விரும்பியது சுவரில் மாட்டத்தக்க ஒரு தலையை மட்டுமே என்பது இதனால் விளங்கவில்லையா? 2015ஆம் ஆண்டில் சிம்பாப்வே நாட்டில், அறிஞர்கள் கழுத்துப்பட்டை அணிவித்து ஆராய்ந்துவந்த சீசில் என்னும் சிங்கம், அம்பினால் காயமுற்றுப் பல மணி நேரம் துன்புற்ற பின்னரே கொல்லப்பட்டது. உலகெங்கும் மக்கள் அதற்கு வருந்தினர். அவ்வருத்தம் வெறும் இரக்கம் அன்று. வீரம் என்னும் சொல் தவறான இடத்தில் வழங்கிவந்ததை உணர்ந்த வெறுப்புமாகும்.

வேட்டைக்காரருள்ளும் இதனை உணர்ந்தவர் உண்டு. கார்ல் ஏக்லி என்னும் அமெரிக்கர், அருங்காட்சியகங்களுக்காக விலங்குகளைச் சுட்டுப் பாடம் செய்வதில் வல்லவர். 1896ஆம் ஆண்டில் சோமாலி நாட்டில் தம்மேல் பாய்ந்த சிறுத்தையை வெறுங்கையால் கொன்றவர். 1910ஆம் ஆண்டில் கென்யா மலைச்சாரலில் யானையால் நசுக்குண்டும் பிழைத்தவர். நெஞ்சுறுதியில் அவர்க்கு இணையாவார் அரியர். அவர் 1921ஆம் ஆண்டில், அக்காலத்துப் பெல்ஜியக் காங்கோவின் மலைக்காட்டில் கொரில்லாக்களைச் சுட்டார். இறந்து கிடந்த விலங்கின் முகத்தைக் கண்டபோது, தாம் கொலைஞர் என்னும் உணர்ச்சி எழாமல் தடுப்பது அரிதாயிற்று என்று அவரே எழுதியுள்ளார். அதன் பின்னர், அவ்விலங்குகளைக் காக்க வேண்டும் என்று பெல்ஜிய மன்னரிடம் வற்புறுத்தினார். 1925ஆம் ஆண்டில் அம்மலைப்பகுதி காப்புக்காடாயிற்று. அடுத்த ஆண்டில் அம்மலையிலேயே நோயுற்று இறந்த ஏக்லி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். சிறுத்தையை வென்ற கையை விட, தம் தவற்றை ஒப்புக்கொண்ட அவர் நெஞ்சமே பெரிது என்று நான் கருதுகிறேன்.

அக்காடு இன்று விருங்கா என்னும் பெயருடன் விளங்குகிறது. அதனைக் காக்கும் பணியில் இருநூற்றுக்கு மேற்பட்ட காவலர் உயிர் துறந்துள்ளனர். 2020ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் மட்டும், ஆயுதக் கூட்டத்தார் ஒரே நாளில் நிகழ்த்திய தாக்குதலில் 12 காவலர் மாண்டனர். ஒரு காலத்தில் சில நூறாகச் சுருங்கியிருந்த மலைக் கொரில்லாக்கள் இன்று ஆயிரத்துக்கு மேல் உள்ளன என்றால், அது இத்தகையோர் குருதி சிந்திக் காத்ததன் பயனாகும்.

கென்யாவின் தென்பகுதியில், கிளிமஞ்சாரோ மலையை நோக்கிய சமவெளியில் மாசாய் மக்கள் வாழ்கின்றனர். ஈட்டி ஒன்றையே துணையாகக் கொண்டு சிங்கத்தை எதிர்ப்பது அவர்களுடைய இளைஞர்க்குப் பழம்பெருமை. மாட்டைக் கொன்ற சிங்கத்தைப் பழிவாங்கவும் அவர்கள் வேல் எடுத்ததுண்டு. 2007ஆம் ஆண்டு முதல், அவ்விளைஞருள் பலர் சிங்கக் காவலர் என்னும் பெயருடன் பணியாற்றி வருகின்றனர். சிங்கங்களின் தடம் பார்த்து அவை எங்கே உள்ளன என்று அறிந்து, மாடு மேய்ப்போரை எச்சரிக்கின்றனர். காணாமற்போன மாடுகளைத் தேடிக் கொடுக்கின்றனர். பட்டியின் முள்வேலியைச் செப்பனிடுகின்றனர். சினம் கொண்டு சிங்கத்தைக் கொல்லப் புறப்படும் தம் உறவினரைத் தடுத்து நிறுத்துகின்றனர். ஒவ்வொரு சிங்கத்திற்கும் ஒரு பெயர் இட்டு வழங்குகின்றனர். சிங்கத்தை எதிர்த்து நிற்பதை விட, சினம் கொண்ட தம் சுற்றத்தாரை எதிர்த்து நிற்பது கடினம். அவ்விளைஞர் இழந்தது ஈட்டியின் புகழ். பெற்றது மாட்டையும் சிங்கத்தையும் ஒருங்கே காத்த புகழ்.

மாணவர்களே! நாளை நீங்கள் ஏதேனும் ஓர் அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பேழைக்குள் பாடம் செய்து நிறுத்திய சிங்கத்தைக் காணக்கூடும். அதனைச் சுட்டவர் பெயர் கீழே எழுதப்பட்டிருக்கும். அப்பெயரைப் படித்தபின் அங்கேயே நின்று, எழுதப்படாத பெயர்களையும் நினைத்துப் பாருங்கள். தடம் பார்த்து முன்னே நடந்தவர், சுமை தூக்கிப் பின்னே வந்தவர், அவ்விலங்கோடு வாழ்ந்த சிற்றூரார், அதன் வழித்தோன்றல்களை இன்றும் இரவெல்லாம் விழித்துக் காப்பவர் ஆகிய அனைவரையும் நினைத்துப் பாருங்கள். இடரைத் தேடிச் செல்லுதல் துணிவு எனப்படலாம். பிறர்க்கு வரும் இடரைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளுதலே வீரம். இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்க்கு, யாரைப் போற்றுவது என்னும் ஐயம் எழாது.